விஷமில்லாத கத்திரிக்காய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக வேளாண்மைத் துறையில் ஒரு கையேடு அச்சடித்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு பிரதி வந்தது. 'நுகர்வோர் நம்பிக்கையை மீட்டெடுத்தல்' என்ற பகுதியை இரண்டு முறை படித்தேன். நான்கு கட்டங்கள், அவற்றைச் சேர்க்க ஏழு அம்புக்குறிகள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. தேடிப் பார்த்ததில் ஒரு மனுஷரைக்கூடக் காணோம். அந்த அம்புக்குறிகளில் இரண்டை ஒரு காலத்தில் நானே வரைந்திருக்கிறேன். அவை யார்மேல் போய்த் தைத்தன என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னைச் செங்கல்பட்டுப் பக்கம் வேளாண்மை அலுவலராக மாற்றினார்கள். படாளத்துக்கு மேற்கே ஓர் ஏரி. அதன் பாசனத்தில் நான்கு சிற்றூர்கள். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜனங்கள் பையைச் சுருட்டிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அதை மறக்கடிக்கப் பட்ட பாட்டை என் கட்டுரையே கெடுத்துவிடக் கூடாது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் கரையில் உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. திருகாணி, தாழ்ப்பாள், சைக்கிள் பாகம் எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிட்டு, கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடையில் மீன்கள் செத்து மிதந்தன. பத்திரிகையில் படம் வந்தது. பட்டறையை மூடினார்கள். முதலாளி வேறெங்கோ வேறெதையோ பளபளப்பாக்கப் போனார். சேற்றை வாரி லாரியில் கொண்டுபோனார்கள். பெருமழையில் ஏரி இரண்டு முறை நிரம்பி வழிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இதெல்லாம் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன் வந்துவிட்டது. மீனைப் பார்த்துக் கொக்கும் வந்துவிட்டது. காய் வாங்குகிறவர்கள் மட்டும் வரவில்லை.

ஆகவே அந்த ஊர்க் காய் புனைபெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறங்கும்போது ஓர் ஊர்ப் பெயர், ஏலத்தில் இன்னோர் ஊர்ப் பெயர். இந்த ஊர்க் காய் என்று ஓரிடத்தில் ஒதுக்கிவிட்டு வந்த அதே ஆள், அதே காயை இரண்டு தெரு தள்ளி வேறு பெயரில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். நட்டம் விவசாயிக்குத்தான். பொய்ப் பெயரில் போகிற பொருளுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

அந்த ஊரில் தேசம்மா என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அரை ஏக்கரில் கத்திரியும் கீரையும் போட்டுத் தானே கூடையில் ஏற்றிப் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். அங்கே வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்புக் குடும்பங்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த படித்த உத்தியோகஸ்தர்கள். அணுவைப் பிளப்பவர்களானாலும் கத்திரிக்காயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். எந்த ஊர்க் காய் என்று கேட்டால் தேசம்மா, "பஸ்ஸுல வர்ற ஊரு" என்பாள். இரண்டு வருஷமாக அந்தப் பதிலே போதுமாக இருந்தது. பிறகு நான் உதவி செய்ய வந்தேன்.

தொடர்ந்து மூன்று பருவம் மண்ணும் காயும் பரிசோதனையில் தேறியிருந்தன. ஆய்வக முத்திரையோடு சான்றிதழ் இருந்தது. இப்படி ஒரு சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஜனங்களிடம் சொல்லாமல் இருப்பது குற்றம் என்று எனக்குத் தோன்றியது. பெயிண்டரைக் கூப்பிட்டு ஆறடி நீளத்துக்குப் பலகை எழுதச் சொன்னேன். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே 'இங்கு விற்கப்படும் காய்கறிகளில் விஷம் இல்லை. அரசு ஆய்வகச் சான்று பெற்றது.' விஷம் என்ற வார்த்தைக்குச் சிவப்பு வண்ணம் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கண்ணில் பட வேண்டுமே.

பட்டது. பலகையைத் தேசம்மாவின் கூடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, வரப்போகும் கூட்டத்தைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளி நின்றேன். வழக்கமாக வருகிற அம்மாக்கள் வந்தார்கள், நின்றார்கள், படித்தார்கள். ஒருத்தி குனிந்து எடுத்த கத்திரிக்காயை மெதுவாகக் கூடையிலேயே வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. சாயங்காலம் வரை ஒரு கட்டுக் கீரை போகவில்லை.

தேசம்மா கூச்சல் போடவில்லை. கூடையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நேத்து வரிக்கும் நான் கீரக்காரி மேடம். இன்னிக்கு வெசக்காரி ஆயிட்டேன்."

"இல்லன்னுதானே எழுதியிருக்கு தேசம்மா?"

"இல்லன்னு எழுதணும்னா இன்னாத்துக்கு எழுதணும்? எதுத்தாப்புல மீன் விக்குதே ஒரு பொம்பள, அது போர்டு வச்சிகினா குந்திகினு கீது, என் மீன்ல வெசம் இல்லன்னு?"

பலகையை எடுக்கப் போனேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். அவருக்கு அன்று வியாபாரம் அமோகம். "ரெண்டு நாள் இருக்கட்டும் மேடம், இன்னா அவசரம்" என்றார்.

கையேட்டில் இந்த அம்புக்குறிக்கு 'தகவல் பரவல்' என்று பெயர். தகவல் நன்றாகவே பரவியது. புதுப்பட்டினத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை பரவியது. நீங்கள் ஒரு மறுப்பை எழுதுவதற்கு முன்னால், அதைப் படிக்கப் போகிறவருக்கு அந்தச் சந்தேகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாதவருக்கும் சேர்த்து நீங்களே வழங்கிவிடாதீர்கள்.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உற்சாகமாக இருந்தார்.

"பலகையெல்லாம் பத்தாதும்மா. ஜனங்க கண்ணால பாக்கணும். பெரிய மனுஷர் ஒருத்தர் சாப்பிடணும், போட்டோ வரணும்."

இரண்டாவது அம்புக்குறி இப்படித்தான் பிறந்தது. பெரிய மனுஷர் ஒருவருக்கு நாள் குறித்தார்கள். யார் என்று கேட்காதீர்கள், எந்தப் பெரிய மனுஷரானாலும் இதுதான் நடந்திருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டோம். ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர் ஏகாம்பரம் வரவேற்றார். ஐம்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க இரண்டு ஆள் வேண்டும். ஏரிக் கால்வாயின் வாயை ஒட்டி அவருக்கு நிலம். வண்டல் சேர்ந்த மண், ஊரிலேயே செழிப்பான கீரை அவருடையதுதான். அதை அவரே மைக்கில் நான்கு முறை சொன்னார்.

தேசம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் காலையிலிருந்தே சமைத்திருந்தார்கள். எண்ணெய்க் கத்திரிக்காய், கீரைக் கடைசல், முருங்கைக்காய் போட்ட சாம்பார். எல்லாம் அந்த ஏரித் தண்ணீரில் விளைந்தது. பெரிய மனுஷர் வந்தார், பேசினார், இலைமுன் உட்கார்ந்தார். ஒரு துண்டுக் கத்திரிக்காயை விரலால் எடுத்து உதட்டருகே பிடித்தார். பளிச் பளிச்சென்று நான்கு படம். வாய்க்குள் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. படத்திலும் தெரியவில்லை. பிறகு அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அந்த அவசர வேலை பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறையில் இருந்தது. செங்கல்பட்டு ஓட்டலிலிருந்து வந்த ஐந்தடுக்கு கேரியர். ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது. எங்கள் மேலதிகாரியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தபடி வாயடைத்து நின்றதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முப்பது பேருக்குச் சமைத்த சாப்பாடு அண்டாவில் அப்படியே இருந்தது. தேசம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவுங்கள வுடுங்க மேடம். கார்ல வந்தாங்க, போயிருவாங்க. நீங்க சொல்லுங்க. உங்க வூட்ல இன்னா காய் துன்றீங்க?"

நான் மதுராந்தகத்தில் குடியிருந்தேன். காய் வாங்குவது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். வாங்கும்போது எந்த ஊர்க் காய் என்று கேட்பேன். ஆம், நானும் கேட்பேன். இந்த ஊர்ப் பெயர் வந்தால் கை தானாகவே அடுத்த கூடைக்குப் போகும். இரண்டு வருஷமாக அந்த ஊருக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன், 'உண்ணத் தகுந்தது' என்று எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேனோ தெரியாது. ஒரு கத்திரிக்காய் என் அடுப்புக்குப் போனதில்லை.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. தேசம்மாவுக்கு அதுவே போதுமான பதில். கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு, "ஒரு இலை போடட்டா?" என்று கேட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசி தெரிந்ததாகச் சொன்னால் அதுவும் பொய்தான்.

அன்று சாயங்காலம் அவளிடமே ஒரு கிலோ கத்திரிக்காயும் மூன்று கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பையைப் பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"பரிசோதனை பண்ணியாச்சு, ஒண்ணும் இல்லை."

"எத்தனை சாம்பிள் எடுத்தீங்க?"

"நாலு."

"மொத்தம் எத்தனை வயல்?"

"ஐம்பதுக்கு மேல இருக்கும்."

"நாலு எந்த நாலு?"

யோசித்தேன். மழைக்காலம், ஜீப் வரப்புக்கு மேல் போகவில்லை, ரோட்டோரமாக இருந்த நான்கு வயலில் எடுத்தோம். அடுத்த பருவமும் அதே நான்கு, ஒப்பிட வசதியாக இருக்கும் என்று. அதற்கடுத்த பருவமும் அப்படியே. கணவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பையனே தப்பைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கும் வாத்தியார் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காயை நறுக்கி வதக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை. ஜனங்களின் மூடநம்பிக்கை என்று நான் அறிக்கையில் எழுதியிருந்தது என் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. அது மூடநம்பிக்கைதானா என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டணத்து ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மூத்த பகுப்பாய்வாளர். சிடுசிடுப்புக்குப் பேர்போனவர், தேநீர் குடிக்கும்போதுகூட யாரையோ மறுத்துக்கொண்டிருப்பது போலத் தலையை ஆட்டுவார். எங்கள் ஊர்ச் சான்றிதழை அவர்முன் வைத்தேன்.

"இது சரியா சார்?"

"என் கையெழுத்துதானே? சரி."

"அப்போ அந்த ஊர்க் காயைச் சாப்பிடலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு கத்திரிக்காய் கொண்டுவந்தீங்க. நாலு கத்திரிக்காய் நல்லா இருக்குன்னு எழுதினேன். ஊரே நல்லா இருக்குன்னு நான் எங்கே எழுதினேன்? அது உங்க ஆபீஸ்ல டைப் அடிச்சது."

பத்து வருஷப் பணியில் யாரும் எனக்குக் கற்றுத்தராததை அவர் அரை நிமிஷத்தில், திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு வயலிலும் எடு, பள்ளத்தில் எடு, கால்வாய் வாயில் எடு, எங்கே கெட்டிருந்தால் உனக்குத் தலைவலியோ அங்கே முதலில் எடு என்றார். கத்திரியைவிடக் கீரை, முலாம் பட்டறைக் கழிவில் வரும் காட்மியம் மாதிரி உலோகங்களை மண்ணிலிருந்து சீக்கிரம் உறிஞ்சும், ஆகவே கீரையைக் கொண்டுவா என்றார்.

தை மாதம் முழுக்க வரப்பில் நடந்தேன். ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு, அந்தந்த வயலின் சொந்தக்காரரையே கூட்டிக்கொண்டு, அவர் கையாலேயே பறித்துப் பையில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினோம். ஏகாம்பரம் தன் நிலத்துக்கு மாலை மரியாதையோடு கூட்டிப்போனார். "நல்லா பாத்துக்கங்க மேடம், இந்த மாதிரி எல எங்கயாவது கீதா?" என்றார். உண்மையில் எங்கும் இல்லை. இலை உள்ளங்கை அகலம் இருந்தது.

அதே சமயத்தில் சங்கத்தார் ஒரு வேன் ஏற்பாடு செய்து டவுன்ஷிப் வாசலில் காலை விற்பனை தொடங்கியிருந்தார்கள். இந்தத் தடவை பலகை இல்லை. கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வது, பரிசோதனை நடக்கிறது என்பதையும் சொல்வது, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் சேர்ந்தது. தேசம்மாவின் கூடை பாதி காலியாகித் திரும்பியது. அந்த நேரம் பார்த்துத்தான் முடிவு வந்தது.

எல்லா வயலும் தேறின, ஒன்றைத் தவிர. ஏகாம்பரத்தின் கால்வாய் வாய் நிலம். அவர் பெருமைப்பட்ட அந்த வண்டலில்தான் பட்டறைக் கழிவும் படிந்திருந்தது. கீரையில் காட்மியம் வரம்பைப்போல ஒன்றரை மடங்கு.

மேலதிகாரியிடம் தாளைக் கொண்டுபோனேன்.

"ஒண்ணுதானே? சாம்பிள் எடுக்கும்போது கை அழுக்கா இருந்திருக்கும்."

"என் கையில காட்மியம் எப்படி சார் வரும்?"

என் வளையலைப் பார்த்தார். கண்ணாடி வளையல் என்று சொன்னேன். பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னொரு தடவை எடுங்க. அதே நிலத்துல, கொஞ்சம் மேடான இடமாப் பாத்து. இப்பத்தான் வியாபாரம் தலைதூக்குது. இதை வெளியில சொன்னா அந்த ஜனங்களை நீங்களே கொன்னமாதிரி."

அவரைக் கோமாளி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். ஆனால் கடைசி வாக்கியத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு துண்டு நிலத்துக்காக ஐம்பது குடும்பத்தின் பிழைப்பு போகலாம். அந்தத் தாள் என் கைப்பையில் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் வேன் போனது. அதில் ஏகாம்பரத்தின் கீரையும் போனது. அந்த மூன்று நாளுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகக் கேவலமான விஷயம் இதுதான். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் காலை பால் சொசைட்டிக் கொட்டகையில் சங்கத்தைக் கூட்டச் சொன்னேன். முடிவை வாசித்தேன், அது மூன்று நாளாக என் பையில் இருந்ததையும் சொன்னேன். எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். ஒருவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னார். இன்னொருவர் நான் எவனிடமோ காசு வாங்கிவிட்டதாகச் சொன்னார். எனக்குத் துணையாக நிற்பாள் என்று நினைத்த தேசம்மாதான் முதலில் எழுந்து வந்தாள்.

"ஒரு துண்டுக்காவ ஊரையே கொளுத்தாதீங்க மேடம். நாலு சாம்பிளோட சொம்மா இருந்திருக்கலாம் இல்ல?"

"உன் வயல் சரியா இருக்குன்னு இப்பத்தான் தேசம்மா எனக்கே தெரியும். அதுக்கு முன்னாடி தெரியாது."

"ஜனத்துக்கு என் வயலு, அவுரு வயலுன்னு தெரியுமா? ஊருன்னுதான் தெரியும்."

ஏகாம்பரத்தின் முகம் கறுத்திருந்தது. எழுந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"வரம்புக்கு மேலன்னா, துன்னா இன்னா ஆவும்?"

"ஒருநாள் ரெண்டுநாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தினமும், வருஷக்கணக்கா சாப்பிட்டா சிறுநீரகத்துக்குக் கெடுதல்."

"வருசக்கணக்கா யாரு துன்னுவா, டவுன்ஷிப்புல?"

"அவங்க நாலு இடத்துல வாங்குவாங்க. அவங்களுக்கு அவ்வளவு பயமில்ல."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "என் பொஞ்சாதிக்குப் பல்லு இல்ல மேடம். ஏழு வருசமா டெய்லி அந்தக் கீரையத்தான் கடைஞ்சி துன்னுது. நல்ல கீரைன்னு நாந்தான் பறிச்சாந்து குடுக்கறேன்."

கொட்டகையில் யாரும் அப்புறம் கிழி என்று சொல்லவில்லை. சீட்டை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்ப்பதுபோல விரலை ஓட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் அந்த நிலத்தில் ஒரு கீரை நிற்கவில்லை. வேரோடு பிடுங்கி, மாடு மேயாதபடி குழி தோண்டிப் புதைத்தார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை, அவரே செய்தார். அவர் மனைவியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப்போனேன். ரத்தமும் சிறுநீரும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, வருஷாவருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த அம்மாள் வழி நெடுக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே இன்னா கொழம்பு வெக்கறது?"

வாங்குகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் ஒரு அறிவிப்பு எழுதினேன். கெட்ட வார்த்தை எதுவும் வராமல், ஆறு வரி. அதை அச்சடிக்க மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு அனுப்பினேன். அனுமதி இன்னும் வரவில்லை. நான் ஓய்வுபெற்றே பல வருஷம் ஆகிறது.

கொட்டகைக் கூட்டத்துக்கு மறுநாள் காலை வேனோடு ஏகாம்பரமும் வந்திருந்தார். டவுன்ஷிப் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முதலில் நின்றது கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர். அங்கேயே ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை. கணக்காகப் பேசுவார், கணக்காக வாங்குவார்.

"ஏனுங்க, அந்தப் பெரிய எலைக் கீரை இன்னிக்கு இல்லீங்களா?"

வரத்து குறைவு என்று சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் ஏகாம்பரம் சொல்லிவிட்டார்.

"அது என் நெலத்துதும்மா. டெஸ்ட்ல பெயிலாயிடுச்சி. பழைய பட்டறக் கழிவு அங்க மட்டும் இன்னும் கீது. பிடுங்கிப் போட்டேன். இனிமே வராது."

வரிசை அப்படியே நின்றது. அந்த அம்மாள் கேட்டார், "நான் போன வாரம் ரெண்டு தடவ வாங்கினேனுங்களே?"

"வாங்கனீங்க. என் வூட்ல ஏழு வருசம் துன்னாங்க. எனக்குத் தெரியாது. மேடத்துக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும்." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

"இப்ப இருக்கறது?"

"தேசம்மா நெலத்துது. சீட்டு கீது."

"காட்டுங்க பார்க்கலாம்." வாங்கி நிதானமாகப் படித்தார். "உங்க நெலத்துச் சீட்டு?"

சட்டைப் பையிலிருந்து அதையும் எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. அந்த அம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். மெமோ ஆயிரம் வாங்கியிருக்கிறேன், எதுவும் அப்படிச் சுட்டதில்லை. சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேசம்மாவின் கீரையில் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நின்றவர்களில் ஐந்து பேர் வாங்கினார்கள். நான்கு பேர் பையை மடித்துக்கொண்டு போனார்கள். ஒருநாளில் உலகம் மாறியதாக யாராவது உங்களுக்குக் கதை சொன்னால் நம்பாதீர்கள். அந்த நால்வரில் இருவர் அடுத்த வருஷம் திரும்பினார்கள், ஒருவர் பணி மாறுதலாகிப் போனார், ஒருவர் கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமும் எல்லா வயலின் சீட்டையும் ஒரு கம்பியில் கோத்து வேனில் தொங்கவிட்டார்கள். தேறாத சீட்டை மேலே வைக்க வேண்டும் என்று தேசம்மா சொன்னாள். கொட்டகையில் என்னைக் கடிந்துகொண்ட அதே தேசம்மாதான். "மொதல்ல அத்தப் பாக்கறவங்க, மத்தத நம்பறாங்க மேடம். இன்னாத்துக்கோ தெர்ல" என்றாள். எனக்குத் தெரியும். எல்லாம் நல்லது என்று சொல்கிறவனிடம் நாம் எவ்வளவு உஷாராக இருக்கிறோம். ஒன்று கெட்டது என்று சொல்கிறவனிடம் மிச்சத்தை வாங்கிக்கொள்கிறோம். கையேட்டில் இதற்குக் கட்டமும் இல்லை, அம்பும் இல்லை.

ஆய்வு முடிவை முன் அனுமதியின்றி வெளியிட்டதற்காக எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஒரு ஊதிய உயர்வு தள்ளிப்போனது. இரண்டு வருஷம் கழித்து, விற்பனை பழைய நிலைக்கு வந்ததும் துறையில் ஒரு வெற்றி அறிக்கை தயாரித்தார்கள். 'முக்கியப் பிரமுகர் பொதுமக்கள் முன்னிலையில் கத்திரிக்காய் உண்டதால் நுகர்வோரின் அச்சம் நீங்கியது' என்று அதில் இருந்தது. மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. பலகை வைத்த முன்முயற்சிக்காக என் பெயரையும் ஓர் அடிக்குறிப்பில் சேர்த்திருந்தார்கள். அந்த அடிக்குறிப்பிலிருந்துதான் உங்கள் கையேட்டின் முதல் அம்பு வந்திருக்கிறது என்பது என் ஊகம்.

ஏகாம்பரம் அந்தத் துண்டில் சவுக்கு வைத்தார். ஓரமாகக் கொஞ்சம் கீரை தெளித்து வருஷாவருஷம் சோதனைக்கு மட்டும் கொடுப்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அளவு வரம்புக்குக் கீழே வந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. இனிமேல் போடலாம் என்று நானே போய்ச் சொன்னேன். சவுக்குக்கு நடுவில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"உங்க சீட்டு சரின்னுது மேடம். எனக்கு இன்னும் சரின்னு படல. இருக்கட்டும்."

கட்டாயப்படுத்தவில்லை. நம்பிக்கையை வரவழைக்கிற வேலையில் இருக்கிறோம் என்பதற்காக, ஒரு மனிதர் நம்ப மறுப்பதை நாம் நோயாக நினைக்க வேண்டியதில்லை.

நான் ஓய்வுபெறும் வருஷம், புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு ஒரு சாயங்காலம் போனேன். தேசம்மாவின் கூடைமுன் ஒரு இளம்பெண் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வருகிற பெண், கழுத்தில் அட்டை தொங்கியது. ஒரு கத்திரிக்காயை இரண்டாகப் பிளந்து தேசம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது? புழு. நேத்தும் அரைக்கிலோல நாலு புழு. முந்தாநாளும் இதே கதை."

"புழு இருந்தா அந்தாண்ட அறுத்துப் போட்டுட்டு இந்தாண்ட கொழம்பு வையி. காய்க்குள்ள பூந்து பாக்கறதுக்கு நான் இன்னா டாக்டரா?"

"அப்போ விலையைக் குறைங்க."

"புழுவுக்குத் தனியா வெலை போடலியேன்னு சந்தோசப்படு."

நேற்றும் வாங்கியிருக்கிறாள், முந்தாநாளும் வாங்கியிருக்கிறாள், இன்றும் வந்திருக்கிறாள். நாளைக்கும் வந்து சண்டை போடுவாள். அவளுடைய கவலை எல்லாம் ஒரு புழு. முப்பது வருஷப் பணியில் இதைவிட இனிமையான புகாரை நான் கேட்டதில்லை. புழுவுக்கு என்ன மருந்து தெளிக்கலாம், எவ்வளவு தெளிக்கக் கூடாது என்று உத்தியோக வழக்கத்தில் விளக்க ஆரம்பித்தேன்.

தேசம்மா தராசைக் கீழே வைக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், வியாபாரம் நடந்துகினு கீது. கொஞ்சம் அப்பால நில்லுங்க."

அப்பால் போய் நின்றேன். அரைக்கிலோ கேட்டு வந்த பெண் கடைசியில் முக்கால் கிலோ வாங்கிக்கொண்டு போனாள்.